புளியடித் தெருவில் முந்நூறு பேர்

டிசம்பர் 1, திங்கள்

எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவிகள் எட்டுப் பேரும் ஆய்வேடு எழுத வேண்டும். எங்கள் நெறியாளர் முனைவர் கிறிஸ்டி எமரன்சியா மேடம். ஆய்வேட்டுக்கு நூறு மதிப்பெண். அதில் பத்து இந்த நாட்குறிப்புக்கு. எழுதி வெள்ளிக்கிழமை மேடத்தின் மேசையில் வைக்க வேண்டும், திங்கட்கிழமை கையெழுத்தோடு திரும்பி வரும். ஆகவே எழுதுகிறேன். என் பெயர் ஆவுடைத்தாய். மேடத்துக்கு இது தெரியும். இருந்தாலும் முதல் பக்கத்தில் பெயர் இருக்க வேண்டுமாம்.

தலைப்பு கொடுத்தாயிற்று. என்னுடையது, "புளியடித் தெருவில் பீடி சுற்றும் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு". விடுதியில் என் அறைத்தோழி சொர்ணப்பிரியாவுக்கு அதே தெரு, அதே பெண்கள், உடல்நலம். மற்ற ஆறு பேருக்கும் அதே தெருதான். கல்லூரிக்குப் பின்னால் பத்து நிமிட நடை. விடுதி மாணவிகள் ஐந்தரைக்குள் திரும்பிவிட வேண்டும். ஐந்தரைக்குள் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய வறுமை அந்தத் தெருவில்தான் இருக்கிறது.

எட்டுத் தலைப்புகளும் "ஓர் ஆய்வு" என்றே முடிகின்றன. வேறு ஏதோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாதல்லவா.

டிசம்பர் 3, புதன்

ஆய்வைத் திட்டமிடுவது எப்படி என்று மேடம் வகுப்பு எடுத்தார். நன்றாகவே எடுத்தார்.

"ஒரே ஒரு கேள்விதான் இருக்கணும். அத உங்க வீட்டுல சொன்னா அவங்களுக்குப் புரியணும். புரியலன்னா உங்களுக்கே இன்னும் புரியலன்னு அர்த்தம்."

நாள்காட்டியைப் பின்னாலிருந்து பார்க்கச் சொன்னார். மார்ச் 13 ஒப்படைக்கும் நாள். அதற்கு முன் ஒரு வாரம் தட்டச்சுக்கும் பைண்டிங்குக்கும். அதற்கு முன் திருத்தம். அதற்கு முன் எழுத மூன்று வாரம். தெருவில் இறங்கிக் கேட்க ஒரு மாதம். இப்படி எண்ணிக்கொண்டே வந்தபோது, நாங்கள் போன மாதமே தொடங்கியிருக்க வேண்டும் என்று தெரிந்தது.

படிக்கும் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை. ஆசிரியர், ஆண்டு, பக்க எண். "பக்க எண் எழுதாதவ பிப்ரவரியில அழுவா. போன வருஷம் மூணு பேர் அழுதாங்க" என்றார். முன்னுரையைக் கடைசியில் எழுத வேண்டும். "என்ன கிடைச்சுதுன்னே தெரியாம முன்னால எப்படிச் சொல்லுவிய?"

மாலையில் வீட்டுக்குப் போன் செய்து என் கேள்வியை அப்பாவிடம் சொன்னேன். "பீடி சுத்துறவங்க நெலம எப்படி இருக்கும்? இதுக்கு ரெண்டு வருசம் படிக்கணுமாக்கும்" என்றார். புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 6, சனி

துணி துவைத்தேன். அட்டைகள் வாங்கினேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

துறை நூலகத்தில் ஆண்டுக்கு ஒன்றாகப் பழைய ஆய்வேடுகள் ஒன்பது இருக்கின்றன. ஒன்பதும் புளியடித் தெரு. அட்டை போட்டுப் படித்தேன். ஒன்பதிலும் முடிவு ஒன்றே: அங்குள்ள பெண்கள் அனைவருக்கும் முதுகுவலி, அனைவருக்கும் கண் எரிச்சல், அரசு ஆவன செய்ய வேண்டும். பின்னிணைப்பில் பதில் சொன்னவர்களின் பட்டியல் இருக்கிறது. மாடத்தி என்பவருக்கு ஐந்து ஆண்டுகளாக நாற்பத்தெட்டு வயது.

பத்தாவதாக இருப்பது மேடத்தின் முனைவர் பட்ட ஆய்வேடு. பதினான்கு வருடங்களுக்கு முந்தையது. அதே தெருதான், ஆனால் தடிமன் அதிகம். முந்நூறு பெண்களைச் சந்தித்து எழுதியிருக்கிறார்.

டிசம்பர் 11, வியாழன்

இன்று புளியடித் தெருவில் யானை குட்டி போட்டது.

டிசம்பர் 15, திங்கள்

நாட்குறிப்பு திரும்பி வந்தது. யானைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "நன்று. கி.எ." என்று இருக்கிறது. இனி மனம்விட்டு எழுதலாம்.

டிசம்பர் 17, புதன்

நானும் சொர்ணப்பிரியாவும் முதன்முறையாகத் தெருவுக்குப் போனோம். தெருமுனையில் நுழைந்ததும் ஒரு பெண் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏ மாடத்தி, ஃபாரம் பிள்ளைய வந்துட்டு!"

மாடத்தியக்கா வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொல்லி, ஆய்வின் நோக்கத்தை விளக்க வாயைத் திறந்தேன்.

"இரி. எழுதிக்கோ. வயசு நாப்பத்தெட்டு. அஞ்சாப்பு. கல்யாணம் ஆயிட்டு. பிள்ளைய மூணு. முதுகுவலி உண்டு, கண்ணு எரிச்சல் உண்டு, இருமல் எப்பமாவது. அரசாங்கம் செய்யணும். அவ்வளவுதான? கடைசிப் பக்கத்துல கையெழுத்து. எங்க போடணும்?"

நான் இன்னும் பேனா மூடியைத் திறக்கவில்லை. கேள்வித்தாளில் உள்ள வரிசை மாறாமல் சொல்லியிருந்தார். ஒரு மணி நேரத்தில் பதினொரு பேரை முடித்துவிட்டோம். எல்லாருக்கும் முதுகுவலி.

டிசம்பர் 18, வியாழன்

தனியாகப் போய் வீடுகளை எண்ணினேன். அறுபத்திரண்டு. புதிதாக வீடு கட்ட இடம் இல்லை, பழைய வீடு எதுவும் இடிபடவும் இல்லையாம். விசாரித்தேன். பீடி சுற்றும் பெண்கள் ஐம்பத்து மூன்று பேர்.

மேடத்தின் ஆய்வேட்டில் முந்நூறு பேர். வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் கணக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது. ஆண்களும் கைக்குழந்தைகளும் சுற்றியிருக்க வேண்டும்.

டிசம்பர் 21, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பின் சொர்ணப்பிரியா மீதிக் கேள்வித்தாள்களைக் கட்டிலில் பரப்பி, ஐந்து பேனாக்களை எடுத்தாள். நீலம், கறுப்பு, ஜெல், மை கசியும் ஒன்று, இடது கைக்கு ஒன்று. விடுதியில் இதற்கு ஐந்து பேனா முறை என்று பெயர். டீ வருவதற்குள் முப்பத்தொன்பது பேர் முடிந்துவிட்டார்கள்.

"ஏட்டி, போய்க் கேட்டாலும் இதத்தான சொல்லப் போறாவ?" என்றாள்.

பேனாக்களை என் பக்கம் தள்ளினாள். நானும் ஏழு நிரப்பினேன். எட்டாவதில் "முதுகுவலி: உண்டு" என்று எழுதும்போது கை வலித்தது. நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

விடுமுறை முடிந்து வந்தேன். நான் நிரப்பிய ஏழு தாள்களையும் கிழித்துப் போட்டேன். பெட்டியில் இடம் அடைத்துக்கொண்டிருந்தது.

மாலையில் கேள்வித்தாள் இல்லாமல் மாடத்தியக்காவிடம் போனேன். வெறுங்கையோடு வந்த என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நானும் இலை நறுக்குகிறேன் என்றேன். நான் நறுக்கியதைப் பார்த்து, வேண்டாம், சும்மா உட்கார் என்றார்.

"அக்கா, உண்மையிலேயே எல்லாருக்கும் முதுகுவலியா?"

"எனக்கு வலி கிடையாது. எதுத்த வீட்டுச் செல்லத்தாயிக்குத்தான் உண்டு."

"பின்ன ஏன் உண்டுன்னு சொல்லுதிய?"

"இல்லன்னு சொன்னா ஏன் இல்லன்னு கேப்பிய. உண்டுன்னா அடுத்த கேள்விக்குப் போயிருவிய. உலையில அரிசி கெடக்கும், பிள்ள. வருசத்துக்கு எட்டுப் பேரு வாரிய."

"வயசு?"

"அத எதுக்கு வருசா வருசம் மாத்திக்கிட்டு?"

எழுந்து வரும்போது அவரே கேட்டார்: "இவ்வளவு நாளா எழுதிட்டுப் போனியள, எங்களப் பத்தி என்னதான் கண்டுபிடிச்சிய?"

முதுகுவலி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஜனவரி 8, வியாழன்

மேடத்தைப் பார்த்தேன். என் கேள்வியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். புதிய கேள்வி: புளியடித் தெருப் பெண்களிடம் இதுவரை எத்தனை ஆய்வுகள் கேட்டிருக்கின்றன, எதைக் கேட்கவில்லை? இதை அப்பாவிடம் போனில் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்றும் மேடத்திடம் சொன்னேன்.

மேடம் விடைத்தாள் கட்டைத் தள்ளி வைத்தார்.

"யாரு எத்தன பேர்கிட்ட கேட்டாங்கன்னு எண்ணுறது ஆராய்ச்சி கெடையாது. கொடுத்த தலைப்பச் செய்யி."

"மேடம், நீங்கதான் ஒரே கேள்வின்னு..."

"சான்றிதழ்ப் பக்கத்துல என் கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். அது இல்லாமல் வாய்மொழித் தேர்வுக்கு உட்கார முடியாது. உட்காராவிட்டால் பட்டம் இல்லை, அடுத்த வருடம்தான் மறுபடியும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அடுத்த வருசம்னு ஒண்ணு நம்ம வீட்டுல கெடையாதும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. செய்தி சொல்வது போலத்தான் சொன்னார்.

ஜனவரி 12, திங்கள்

தலைப்பை மாற்றவில்லை. கேள்விகளை மட்டும் மாற்றிவிட்டேன். மொத்தமே நான்குதான். நான்காவது: "உங்களிடம் இதுவரை யாரும் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எது?"

நாட்குறிப்பில் இதை எழுதுவதில் ஆபத்து இல்லை. யானை குட்டி போட்டதற்கே நன்று வாங்கியவள் நான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வீட்டில் இருந்தேன். கரும்பு தின்று உதடு கிழிந்தது.

ஜனவரி 31, சனி

நாற்பத்தேழு பேர் முடிந்தது. ஆறு பேர் மாட்டேன் என்றார்கள். மறுத்தவர்களையும் எண்ணிக் குறிக்க வேண்டும் என்று மேடம் வகுப்பில் சொன்னதுதான், குறித்துவிட்டேன்.

நான்காவது கேள்விக்கு முதலில் யாருமே பதில் சொல்லவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சரியான விடை என் முகத்தில் இருக்கும் என்று பழகிவிட்டது போல. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருவருக்கு அரை மணி, ஒருவருக்கு இரண்டு நாள். கடைசியில் மாடத்தியக்கா சுளகை இறக்கி வைத்துவிட்டு வலது கைப் பெருவிரலை என் முன் நீட்டினார்.

"இதப் பாரு. ரேகை இருக்கா?"

இல்லை. வழுவழு என்று இருந்தது.

"ரேசன் கடையில மெசின்ல வச்சா, நான் நான் இல்லங்கு. பத்து விரலையும் வச்சுப் பாத்தாச்சு. மாசத்துக்கு மூணு நடை. இத ஒரு ஃபாரத்துலயும் யாரும் கேக்கல, பிள்ள."

நாற்பத்தேழு பேரில் முப்பத்தோரு பேர் விரலைத்தான் காட்டினார்கள். ஒன்பது ஆய்வேடுகளிலும் பெருவிரல் என்ற சொல்லே இல்லை. அறைக்குத் திரும்பி அட்டைகளை மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். இல்லவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் தலை சீவிக்கொண்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

எழுதுகிறேன். முதலில் நான்காம் இயல், பிறகு மூன்று, பிறகு இரண்டு. மேடம் சொன்ன முறைதான், நன்றாக வருகிறது. ஜெராக்ஸ் கடை அண்ணன் முன்னுரை, நன்றியுரை இரண்டும் தன்னிடம் தயாராக இருப்பதாகவும் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றும் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அது என் சொந்த நன்றி.

பிப்ரவரி 12, வியாழன்

அட்டவணை 4.2 முடிந்தது: புளியடித் தெருவில் நடந்த முந்தைய ஆய்வுகள், ஆண்டு, சந்தித்ததாகச் சொல்லப்பட்டவர்கள், தெருவில் இருந்தவர்கள். ஒன்பது வரிசைகள். பத்தாவதற்கு இடம் போதவில்லை.

அட்டவணைக்குக் கீழே பாதிப் பக்கம் வெற்றாக இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

நாட்குறிப்பு திரும்பி வரவில்லை. மற்ற ஏழும் வந்துவிட்டன. இதைத் தனித் தாளில் எழுதுகிறேன், பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 18, புதன்

காரணம் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை இளங்கலைப் பிள்ளைகளின் தேர்வுக்கு மேடம் மேற்பார்வை. மூன்று மணி நேரம். மேற்பார்வையாளர்களும் போன் கொண்டுபோகக் கூடாது என்று புது உத்தரவு. படிக்க வேறு எதுவும் இல்லாமல் எங்கள் நாட்குறிப்புகளை எடுத்துப் போயிருக்கிறார். மேலே இருந்தது என்னுடையது.

சாப்பிடப் பிடிக்கவில்லை. அப்பா போன் செய்தார். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

மேடம் கூப்பிட்டுவிட்டார். துறை அறையில் வேறு யாரும் இல்லை. மேசையில் என் நாட்குறிப்பு டிசம்பர் 18ஆம் தேதிப் பக்கத்தில் திறந்து கிடந்தது.

"உக்காரு."

உட்கார்ந்தேன்.

"கைக்குழந்தைங்க சுத்தியிருக்கணும்னு எழுதியிருக்க."

"மன்னிச்சிருங்க மேடம்."

"ஒரு கைக்குழந்தை இருந்தது. எம் பொண்ணு. ஏழு மாசம். இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் அந்தத் தெருவுக்குப் போனேன். நாப்பத்தொன்பது பேரப் பாத்தேன். முனைவர் பட்டத்துக்கு முந்நூறு வேணும்னு என் நெறியாளர் சொல்லிட்டாரு. வேற ஊருக்குப் பிள்ளையத் தூக்கிட்டு அலைய முடியல. மிச்சத்த வீட்டுல உக்காந்து நிரப்புனேன்." மேசையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "மூணு பேனா."

ஐந்து பேனா முறை அப்போது வந்திருக்கவில்லை போலும்.

"அதுக்கப்புறம் அந்தத் தெருவுக்கு நான் போனதே இல்ல. உங்களத்தான் அனுப்புனேன். யாராவது ஒருத்தி போய் எண்ணிட்டு வருவாளோன்னு ஒவ்வொரு வருசமும் பயம். எண்ணவே இல்ல ஒருத்தியும். அதுவும் ஒரு மாதிரி வருத்தமாத்தான் இருந்துச்சு."

இரண்டு வருடங்களாக நான் பயந்துகொண்டிருந்த ஒருவர்மேல் இரக்கப்படுவது எப்படி என்று எனக்குப் பழக்கம் இல்லை.

அட்டவணை 4.2இன் படியை எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

"பத்தாவது வரிசை எங்க?"

"இடம் பத்தல மேடம்."

"பாதிப் பக்கம் காலியாக் கெடக்கு."

ஏப்ரலில் மேடத்துக்கு இணைப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். மேடத்தின் பெயர்தான் முதலில் இருக்கிறது.

"வேண்டாம் மேடம். ஒன்பது போதும். முடிவு ஒண்ணும் மாறாது."

"போடு. நாப்பத்தொன்பதுதான்னு நான் சொன்னத நேர்பேச்சுன்னு அடிக்குறிப்புல போடு, தேதியோட. ஆய்வேட்டுப் பக்க எண்ணும் வேணும். நீ ஏழு நிரப்புனதும் போடணும். கிழிச்சதும் போடணும். பெட்டியில இடம் இல்லன்னு போடாத."

பிப்ரவரி 24, செவ்வாய்

பத்தாவது வரிசை: சந்தித்ததாகச் சொல்லப்பட்டவர்கள் 300, அடிக்குறிப்பில் உண்மையில் சந்தித்தவர்கள் 49. தட்டச்சு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. காலையில் தொடங்கி மாலை வரை ஆனது.

மார்ச் 6, வெள்ளி

மேடம் ஆய்வேட்டை முழுதாகப் படித்தார். நான்கு இடங்களில் காற்புள்ளி சேர்த்தார். "அரசு ஆவன செய்ய வேண்டும்" என்பதை அடித்துவிட்டு, எந்த அலுவலகம், என்ன செய்ய வேண்டும் என்று எழுதச் சொன்னார். சான்றிதழ்ப் பக்கத்தில், "இது இம்மாணவியின் சொந்த ஆய்வு எனச் சான்றளிக்கிறேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். வெகுநேரம் வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

ஒப்படைத்தேன். நீல அட்டை, பொன்னிற எழுத்து. விடுதியில் ரசம் நன்றாக இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர். சர்க்கரை இல்லாத டீ கேட்டார், சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள், குடித்துவிட்டார். பக்கத்தில் நெறியாளராக மேடம். நான் எதிரே நின்றேன். மற்ற மாணவிகள் சன்னலுக்கு வெளியே.

எத்தனை பேர், ஏன் நான்கே கேள்விகள், ரேகை தேய்ந்ததற்குப் பீடிதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். அப்படி நான் சொல்லவில்லை, அவர்கள் சொன்னதாக மட்டுமே எழுதியிருக்கிறேன் என்றேன். தலையாட்டினார். நாற்பது கேள்விகளுக்கு விடை தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் அதற்குள் வந்தன.

பிறகு அட்டவணை 4.2க்கு வந்தார். விரல் ஒவ்வொரு வரிசையாக இறங்கி, பத்தில் நின்றது. அடிக்குறிப்பைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் படித்தார்.

"இது ரொம்பப் பெரிய குற்றச்சாட்டும்மா. இந்த எமரன்சிங்கிறவங்க இப்ப எங்க இருக்காங்க?"

இது நாற்பதில் இல்லை. பெயரைத் தவறாகப் படித்திருந்தார், சான்றிதழ்ப் பக்கத்தையும் பார்த்திருக்கவில்லை போல. திருத்தத் தோன்றவில்லை. மின்விசிறியைப் பார்த்தேன். இல்லை சார், வேறு கல்லூரி சார் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது உண்மை.

மேடம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில், நாங்கள் நிற்பது போலவே, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"எமரன்சியா. நான்தான் சார்."

தேர்வாளர் அடிக்குறிப்பிலிருந்து விரலை எடுத்தார்.

"உக்காருங்க மேடம்" என்றார் கடைசியில்.

"இருக்கட்டும் சார். கேள்வி இருந்தாக் கேளுங்க."

கேட்டார். என்னிடம் கேட்டவற்றைவிடக் கடினமான கேள்விகள். மேடம் ஒவ்வொன்றுக்கும் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். ஒரு கேள்விக்கு மட்டும், "அதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல சார்" என்றார். இதைப் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்று தேர்வாளர் மெதுவாகச் சொன்னார். நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன் என்று மேடம் கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தார். என் மதிப்பெண் எண்பத்தாறு என்றார்கள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேடம் என் பக்கத்தில் வந்து நின்றபோதே அழுகை வந்திருந்தது, அது இன்னும் முடியவில்லை.

நீ போகலாம் என்றார்கள். மேடம் அங்கேயே நின்றார்.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"முடிஞ்சிட்டாம்மா?"

"எனக்கு முடிஞ்சிட்டுப்பா" என்றேன்.